செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட்டும் 25,370 ரூபாய் வாரண்டியும்

வண்டி பிடித்துவிட்டது, விலையும் படிந்துவிட்டது, அட்வான்ஸ் 20,000 ரூபாய் போனிலேயே போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அந்தப் பையன் மேஜை டிராயரைத் திறந்து இன்னொரு ஃபைலை எடுத்தான். "ஒரே ஒரு கையெழுத்து பாக்கி சார். எக்ஸ்டெண்டட் வாரண்டி. எல்லாரும் எடுக்குறாங்க." 21,500 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 3,870, ஆக மொத்தம் 25,370. ஒரு வருஷம் அல்லது 12,000 கிலோமீட்டர், எது முதலில் முடிகிறதோ அதுவரை. பேனா மூடியைக்கூட அவனே கழற்றிக் கொடுத்தான்.

இது நடந்தது 2024 ஆகஸ்ட்டில், மாதவரம் பக்கம் ஒரு பழைய கார் ஷோரூமில். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று நான் நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டதையும், அதற்குப் பிறகு பதினாலு மாதம் வண்டி ஓட்டியதில் என்ன தெரிந்தது என்பதையும் மட்டும் எழுதுகிறேன்.

எனக்கு வேலை பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில். கன்டெய்னரில் வந்த சரக்கு நனைந்துவிட்டது, நசுங்கிவிட்டது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகளோடு மல்லுக்கட்டியே பதினாறு வருஷம் ஓட்டியவன். அதனால் எந்தப் பத்திரத்தைக் கையில் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பேன். முதல் பக்கத்தில் வாரிக் கொடுப்பார்கள், கடைசிப் பக்கத்தில் ஒன்று விடாமல் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஃபைலை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றதும் பையன் முகம் சுருங்கியது. "இன்னிக்கு எடுத்தாதான் சார் இந்த ரேட்டு." சரி, போனால் போகட்டும் என்று எடுத்து வந்தேன். மறுநாளும் அதே ரேட்டுதான். நாலாம் நாள் நான் இன்னும் வாய் திறக்காததைப் பார்த்து அவனே போன் பண்ணி 18,000 என்றான். வியாசர்பாடி மார்க்கெட்டில் கத்திரிக்காய்கூட இவ்வளவு சீக்கிரம் விலை இறங்கிப் பார்த்ததில்லை.

வண்டியைப் பற்றி. 2021 மார்ச்சில் பதிவான ஸ்விஃப்ட், 1.2 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர், ஒரே ஓனர், மீட்டரில் 41,000 கிலோமீட்டர், விலை 5,60,000. வீடு தண்டையார்பேட்டையில், மனைவிக்கு மீஞ்சூரில் பள்ளிக்கூட வேலை. தினமும் அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: கன்டெய்னர் லாரி வரிசை, அதன் பின்னால் தூசி, மழைக்காலத்தில் எது ரோடு எது பள்ளம் என்று தெரியாத தண்ணீர். மாதவரம், மூலக்கடை பக்கம் திரும்பினால் மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டது வேறு. கார் எடுக்கும்போதே இந்த ரோட்டில் வண்டிக்கு எதெது போகும் என்று ஓரளவு தெரியும். அந்தக் காகிதத்தைப் படித்தபோது நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டதும் அதுதான். எங்கள் ரோட்டில் போகக்கூடிய சாமான் எதையாவது இந்த வாரண்டி காப்பாற்றுமா?

தயக்கம் சும்மா வரவில்லை. திருவொற்றியூரில் இருக்கும் என் மச்சான் அதற்கு ஒன்றரை வருஷம் முன்னால் வேறொரு கடையில் 2017 மாடல் டீசல் வண்டி எடுத்தான், வாரண்டியும் சேர்த்து. ஏழாவது மாதம் டர்போ விசில் அடிக்க ஆரம்பித்தது, புகை கறுப்பாகத் தள்ளியது, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஏற்றமே இல்லாத இடத்தில்கூட வண்டி இழுக்கவில்லை. பக்கத்து மெக்கானிக்கிடம் விட்டான். அவர் டர்போவைக் கழற்றிப் பார்த்துவிட்டு இது போச்சு என்றார். அதற்கப்புறம்தான் மச்சானுக்கு வாரண்டி ஞாபகம் வந்து போன் பண்ணினான். எங்கள் அனுமதி இல்லாமல் எப்படிக் கழற்றினீர்கள் என்று கேட்டார்கள். அது ஒரு காரணம். பிறகு சர்வீஸ் பில்லைக் கேட்டார்கள், ஆயில் மாற்றியது 1,400 கிலோமீட்டர் தாமதம் என்று இருந்தது, அது இரண்டாவது காரணம். நாற்பதாயிரத்துக்கு மேல் கைக்காசு போட்டு வண்டியை எடுத்தான். இன்றைக்கும் வீட்டில் யாராவது வாரண்டி என்ற வார்த்தையைச் சொன்னால் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான்.

இதில் மச்சான் மேலும் தப்பு இருக்கிறது, அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். வண்டியைத் தொடுவதற்கு முன் போன் பண்ண வேண்டும் என்பது இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் வண்டி பாதி ரோட்டில் நின்றிருக்கும்போது இரண்டாம் பக்கம் யாருக்கு ஞாபகம் வரும்?

சரி, என் ஃபைலுக்கு வருகிறேன். ஆறு பக்கம், எறும்பு எழுத்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் பார்க்க வேண்டியது பட்டியல் எந்த வகை என்பது. சில வாரண்டியில் "இன்னின்னவை தவிர மற்ற எல்லாம் உண்டு" என்று இருக்கும். சிலவற்றில் "இன்னின்னவை மட்டும்" என்று இருக்கும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இரண்டாவது வகையில் பட்டியலில் பெயர் இல்லாத ஒரு சின்ன சென்சார் போனாலும் உங்கள் செலவுதான். எனக்கு வந்தது இரண்டாவது வகை. இன்ஜினுக்குள் இருக்கும் பிஸ்டன், கிராங்க், கேம், வால்வு, கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பல்சக்கரங்கள், டிஃபரன்ஷியல், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், அவ்வளவுதான். ஏ.சி. கம்ப்ரெஸர் இல்லை. பவர் ஸ்டீயரிங் மோட்டார் இல்லை. நல்லபடியாக ஆயில் மாற்றி ஓட்டிய 41,000 கிலோமீட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட்டில் கிராங்க் எப்போது போகும்? டைமிங் செயின் போட்ட இன்ஜின், பெல்ட் அறுந்து வால்வு வளைகிற கதையும் கிடையாது. இப்போதைக்குப் போகாது என்று தெரிந்த சாமான்களுக்கு மட்டும் தைரியமாக உத்தரவாதம் கொடுத்திருந்தார்கள்.

அடுத்தது தேய்மானம். கிளட்ச் பிளேட், பிரேக் பேட், டிஸ்க், ஷாக் அப்சார்பர், புஷ், ரப்பர் ஹோஸ், பெல்ட், பேட்டரி, டயர், பல்பு, வைப்பர் எதுவுமே கிடையாது. இதைக் குறை சொல்ல முடியாது, கார் கம்பெனியே கொடுக்கும் வாரண்டியிலும் இவற்றில் பெரும்பாலானவை வராது, தேய்கிற சாமான் தேயத்தான் செய்யும். ஆனால் மணலி ரோட்டில் தினமும் ஓடும் வண்டிக்குச் செலவு வருவதே இதில்தான். அதோடு துருப்பிடிப்பதால் வரும் எதுவும் கிடையாது என்று ஒரு வரி. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடற்கரையை ஒட்டி வண்டி நிறுத்துகிறவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும். உப்புக்காற்றில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே வருஷத்துக்கு ஒரு தடவை பெயிண்ட் கேட்கிறது.

தண்ணீர் புகுந்தால் கிடையாது. இன்ஜின் சூடேறி அதனால் கேஸ்கெட் போனால் கிடையாது, ஏனென்றால் ஊசி மேலே ஏறியதும் வண்டியை நிறுத்தியிருக்க வேண்டியது ஓட்டுகிறவர் பொறுப்பாம். வாங்கிய முதல் 30 நாள் எதுவுமே கிடையாது. அதற்குப் பிறகும் ஏற்கெனவே இருந்த கோளாறு என்று அவர்கள் ஆள் முடிவு பண்ணினால் கிடையாது. ஒரு கிளெய்முக்கு அதிகபட்சம் 25,000, வருஷம் முழுவதற்கும் 60,000. பிரித்துப் பார்க்கும் கூலி நம்முடையது, கோளாறு பட்டியலில் இல்லாததாகப் போய்விட்டால் திரும்பப் பூட்டும் கூலியும் நம்முடையதே. வெளியில் எல்.பி.ஜி., சி.என்.ஜி. கிட் போட்டிருந்தாலும், மியூசிக் சிஸ்டத்துக்காக ஒயரை வெட்டி ஒட்டியிருந்தாலும் மின்சாரம் சம்பந்தமான எல்லாம் ரத்து. சர்வீஸ் அவர்கள் சொன்ன இடத்தில்தான், சொன்ன கிலோமீட்டரில்தான், அச்சடித்த பில்லோடுதான்.

சொன்ன இடம் எது? இதற்குத்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஆறாவது பக்கத்தில் சென்னைக்கான ஒர்க் ஷாப் பட்டியல். இரண்டே இரண்டு. ஒன்று பூந்தமல்லி, இன்னொன்று பெருங்குடி. வட சென்னையில் கார் விற்கக் கடை இருக்கிறது, அதே காரைச் சரிபண்ண ஒரு இடம் கிடையாது. மீஞ்சூரிலிருந்து திரும்பும்போது எண்ணூர் பக்கம் வண்டி நின்றால் கட்டியிழுத்துக்கொண்டு ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டும். டோயிங் 20 கிலோமீட்டர் வரைக்கும் இலவசம், மிச்சத்துக்கு கிலோமீட்டர் கணக்கு. பையனிடம் கேட்டேன். "அதெல்லாம் மேட்டரே இல்ல சார், ஸ்விஃப்ட் நிக்கவே நிக்காது" என்றான். நிற்கவே நிற்காது என்றால் எனக்கு எதுக்குப்பா வாரண்டி?

வீட்டில் மனைவி கேட்ட கேள்வியையும் சொல்ல வேண்டும், நிறையப் பேருக்கு இந்தக் குழப்பம் இருக்கிறது. "அதான் இன்ஷூரன்ஸ் கட்டறமே, அது எதுக்கு?" இன்ஷூரன்ஸ் இடித்தால், திருட்டுப் போனால், தீப்பிடித்தால், வெள்ளத்தில் மூழ்கினால் வரும். தானாக ஒரு சாமான் பழுதானால் வராது. மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் பிரேக்டவுன் கிடையாது என்று சாதாரண மோட்டார் பாலிசியிலேயே அச்சடித்திருக்கும். வெள்ளத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மூழ்கிய வண்டியின் சீட்டு, ஒயரிங் எல்லாம் சரி, ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை சாவி திருப்பி ஸ்டார்ட் பண்ணி, அதனால் தண்ணீர் உள்ளே இழுத்து கனெக்டிங் ராட் வளைந்தால், பாலிசியோடு தனியாக இன்ஜின் ப்ரொடெக்ட் என்ற சேர்ப்பு எடுத்தவருக்கு மட்டும்தான் பணம். மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் கணேசபுரம் சப்வேயை நம்பி ஊருக்குள் போகிறவர்களுக்கு 25,000 ரூபாய் வாரண்டியைவிட அந்தச் சின்னச் சேர்ப்புதான் முக்கியம் என்பது என் கட்சி. வாங்கும்போதே இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்றியாகிவிட்டதா என்றும் பாருங்கள், 14 நாளுக்குள் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். கிளெய்ம் எதுவும் கேட்காததற்காகப் பழைய ஓனருக்குக் கிடைத்த தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், நமக்கு வராது, அது அவரோடு போய்விடும், அதனால் பிரீமியம் கொஞ்சம் கூடும்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. ஷோரூமில் கேட்டு வண்டியைக் கொருக்குப்பேட்டையில் எங்கள் மெக்கானிக் பாய் ஷெட்டுக்குக் கொண்டு போக அனுமதி வாங்கினேன், கூடவே அவர்கள் ஆள் ஒருவரும் வந்தார். இதற்குச் சம்மதித்ததற்காக அந்தக் கடையைப் பாராட்டத்தான் வேண்டும், நான் பார்த்த மற்ற இரண்டு கடையில் வெளி மெக்கானிக் என்றதுமே வண்டி இன்னொரு பார்ட்டிக்குப் பேசி முடித்தாகிவிட்டது என்றார்கள். பாய் எங்கள் அப்பா காலத்து அம்பாசிடரைப் பார்த்தவர், இப்போது மகன் லேப்டாப்பும் ஸ்கேனருமாக உட்கார்ந்திருக்கிறான். வண்டியை ராத்திரி நிறுத்தியபடியே விடச் சொல்லி, காலையில் பானெட்டைத் தொட்டு இன்ஜின் சில்லென்று இருப்பதை உறுதிப்படுத்திக்கொண்டுதான் ஸ்டார்ட் பண்ணினார். முன்னாலேயே சூடுபண்ணி வைத்த வண்டி எல்லாக் கோளாறையும் மறைத்துவிடும் என்பார். புகைக்குழாய்ப் பக்கம் போய் நின்றார். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, கறுப்பாக வந்தால் எரிபொருள் அதிகம், வெள்ளைப் புகை நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் கூலண்ட் உள்ளே போகிறது. எதுவும் இல்லை. ஆயில் மூடியைக் கழற்றி உள்பக்கம் தடவிப் பார்த்தார், பால் மாதிரி படிவு இல்லை.

பிறகு சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். இது எனக்குப் புதிது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இந்த ஊரில் எத்தனை வண்டி மூழ்கியது என்று எல்லோருக்கும் தெரியும், அதில் எத்தனை கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்தது என்றுதான் யாருக்கும் தெரியாது. சீட்டைத் துவைக்கலாம், தரைவிரிப்பை மாற்றலாம், உள்ளே சுருண்டிருக்கும் பெல்ட்டின் கடைசி அடியை யாரும் துவைப்பதில்லை, சேற்றுக் கறை அங்கே கோடு போட்ட மாதிரி நிற்குமாம். சீட்டுக்கு அடியில் ரெயில், ஸ்டெப்னி கிடக்கும் குழி, ஃபியூஸ் பாக்ஸின் மூலை எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். சுத்தம். அடியில் மட்டும் ஒரு ஓரத்தில் லேசாகத் துரு, அது எங்கள் ஊர் வண்டிக்குத் திருஷ்டிப் பொட்டு மாதிரி. முன்பக்க லோயர் ஆர்ம் புஷ் இரண்டும் போயிருந்தது, இன்ஜின் மவுண்டிங் ஒன்று இறங்கியிருந்தது. பாய்க்குக் கொடுத்தது 1,500 ரூபாய். அவர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டைக் காட்டி ஷோரூமில் 12,000 குறைத்தேன். இந்த மொத்தக் கதையிலும் உருப்படியான முதலீடு அந்த 1,500தான்.

முக்கியமான விஷயமும் அங்கேதான் கிடைத்தது, அதுவும் தற்செயலாக. சர்வீஸ் புத்தகத்தைத் தேடி டேஷ்போர்டு பெட்டியைக் குடைந்த பாய், பழைய ஓனர் வைத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "இன்னா தம்பி, இத்த வச்சிகினு நீ எதுக்கு இன்னொரு வாரண்டி தேடிகினு கீற?" 2021ல் வண்டி எடுத்தபோதே முதல் ஓனர் கம்பெனியின் எக்ஸ்டெண்டட் வாரண்டியை ஐந்து வருஷத்துக்குக் கட்டியிருக்கிறார். 1 லட்சம் கிலோமீட்டர் அல்லது 2026 மார்ச். அதாவது இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் பாக்கி, ஷோரூம் விற்கப் பார்த்ததைவிட நீளம். இதில் ஸ்டீயரிங்கும் உண்டு, ஏ.சி. கம்ப்ரெஸரும் உண்டு.

இந்தக் கணக்கு பலருக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மாருதியில் அப்போது அடிப்படை வாரண்டி 2 வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர், அதற்கு மேல் பணம் கட்டி நீட்டித்துக்கொள்ளலாம். 2024 ஜூலையில்தான் அடிப்படையையே 3 வருஷம், 1 லட்சம் கிலோமீட்டர் என்று உயர்த்தினார்கள், நீட்டிப்போடு சேர்த்து 6 வருஷம், 1,60,000 கிலோமீட்டர் வரைக்கும் போகலாம். இது அதற்குப் பிறகு விற்ற புது வண்டிக்கு, பழைய வண்டிக்குப் பழைய விதிதான். எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் சரி, நாலைந்து வயதுக்குள் இருந்தால், சேசிஸ் நம்பரை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் போய் இரண்டு கேள்வி கேளுங்கள்: வாரண்டி பாக்கி இருக்கிறதா, என் பெயருக்கு மாறுமா. கூடவே சர்வீஸ் வரலாற்றையும் கேட்டால் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்று வரிசையாகச் சொல்வார்கள், மீட்டரைத் திருப்பி வைத்த வண்டி அங்கேயே மாட்டிக்கொள்ளும். என் வண்டிக்கு 2024 மேயில் 39,200 என்று இருந்தது, பொருந்தியது. படிவம் 29, 30 போட்டு ஆர்.சி. என் பெயருக்கு வர மூன்று வாரம் ஆனது, அந்த நகலைக் கொண்டு போய்க் கொடுத்ததும் வாரண்டியையும் என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

நான் கேட்க நினைத்தது, கேட்கவும் செய்தேன்: "இது இருக்குன்னு ஏன் தம்பி சொல்லல?" தெரியாது என்றான் பையன். ஆயிரம் வண்டி வந்து போகும் கடை, தெரியாமலும் இருக்கலாம். வாரண்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன், வண்டியை எடுத்தேன்.

25,370 ரூபாயை மனைவி பெயரில் இருக்கும் கணக்கில் தனியாகப் போட்டு வைத்தோம், வண்டிக்கு மட்டும் என்று. பதினாலு மாதத்தில் அதிலிருந்து எடுத்தது: புஷ்ஷும் மவுண்டிங்கும் கூலியோடு 6,800, பேட்டரி 5,400, பள்ளத்தில் விழுந்து டயர் பக்கவாட்டில் வீங்கியதால் ஒரு டயர் 4,900, முன் பிரேக் பேட் 2,300. ஆக 19,400. இதில் ஒன்றுகூட அந்த ஆறு பக்கக் காகிதத்தில் வந்திருக்காது. வாரண்டி எடுத்திருந்தால் 25,370 போய், இந்த 19,400ம் தனியாகப் போயிருக்கும்.

கம்பெனி வாரண்டியை ஒரே ஒரு தடவை பயன்படுத்தினேன். எட்டாவது மாதம் ஸ்டீயரிங் விளக்கு மஞ்சளாக எரிந்து, சக்கரம் மாவாட்டுகிற கல் மாதிரி கனத்தது. மனைவி மணலியில் எப்படியோ ஓரம் கட்டிவிட்டுப் போன் பண்ணினாள். சர்வீஸ் சென்டரில் பார்த்து, பவர் ஸ்டீயரிங் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்றார்கள், வெளியில் என்றால் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் என்று பாய் சொன்னார். பில் பூஜ்யம். ஆனால் சாமான் வர ஒன்பது நாள் ஆனது, அந்த ஒன்பது நாளும் ஆட்டோவும் ரயிலுமாகத்தான் ஓட்டினோம், அலைன்மென்ட்டுக்கு என்று எழுநூறு ரூபாயும் வாங்கினார்கள். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு புகழவும் மாட்டேன்.

எல்லோரும் வாரண்டியே எடுக்காதீர்கள் என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஆபீஸில் ஒரு அக்கா ஏ.எம்.டி. வண்டி, அதாவது கிளட்ச் மிதிக்காமல் கியர் தானாக மாறும் வண்டி எடுத்தார், பெரம்பூரிலிருந்து வருகிறார். அவருடைய வாரண்டியில் கியரை மாற்றிக் கொடுக்கும் ஆக்சுவேட்டர் பட்டியலில் பெயரோடு இருந்தது, ஆறாம் மாதம் அதுவே போனது, கட்டிய பணம் ஒரே அடியில் வசூல். ஆட்டோமேட்டிக், அதிலும் டி.சி.டி. மாதிரி இரட்டை கிளட்ச் கியர் பாக்ஸ், டர்போ வண்டி, 2020க்குப் பிறகு வந்த டி.பி.எஃப். என்ற புகைக்கரி வடிகட்டி உள்ள டீசல், ஐரோப்பிய கம்பெனி வண்டி, இவற்றில் ஒரு சாமான் போனாலே மாதச் சம்பளம் போய்விடும், கையிலும் ஐம்பதாயிரம் சும்மா கிடக்காது என்றால் எடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சாமானின் பெயர் பட்டியலில் எழுத்தாக இருக்க வேண்டும், ஒர்க் ஷாப் நம் பக்கம் இருக்க வேண்டும், ஒரு கிளெய்முக்கான உச்சவரம்பு அந்தச் சாமான் விலையைத் தொட வேண்டும். 25,000 உச்சவரம்பை வைத்துக்கொண்டு டி.சி.டி. கியர் பாக்ஸுக்கு வாரண்டி எடுப்பது குடை ஓட்டைக்கு அடியில் டம்ளர் பிடிக்கிற கதை. கம்பெனிகளே நடத்தும் பழைய கார் கடைகளையும் ஒரு நடை பாருங்கள். மாருதியின் ட்ரூ வேல்யூவில் அவர்கள் தேர்ந்தெடுத்துச் சான்று கொடுத்த வண்டிகளுக்கு ஒரு வருஷம் வரை வாரண்டியும் மூன்று இலவச சர்வீஸும் வண்டியோடேயே வரும். விலை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எடுத்துவிட்டு கிளெய்ம் நிராகரிக்கப்பட்டவர்களுக்கு, என் மச்சானையும் சேர்த்து: போனில் கத்திப் பயனில்லை. நிராகரித்த காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் நடக்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் இடத்திலேயே புகார் போடலாம், எங்களுக்கு சென்னை வடக்கு மாவட்ட ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, புகாருக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். மச்சான் போடவில்லை. பில்லை எங்கேயோ தொலைத்துவிட்டான்.

அந்த ஷோரூமுக்கு மதிப்பெண் போடச் சொன்னால் வண்டிக்கு எட்டு போடுவேன். ஆர்.சி. வேலை சுத்தம், பாக்கி அபராதம் எதுவும் தலையில் கட்டவில்லை, இரண்டாவது சாவி கேட்காமலே கொடுத்தார்கள். வாரண்டிக்கு இரண்டு, அதுவும் ஆறு பக்கத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோக விட்டதற்காக.

போன வாரம் அதே பையன் போன். குரல் இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறது. "சார், உங்க ஸ்விஃப்ட்டுக்கு கம்பெனி வாரண்டி வர்ற மார்ச்ல முடியுது, நம்மகிட்ட ஒரு சூப்பர் பிளான் வந்திருக்கு." அன்றைக்கு அவனுக்குத் தெரியாத தேதி இன்றைக்கு மாதத்தோடு தெரிந்திருக்கிறது. நான் அதைக் கிளறவில்லை. வட சென்னையில் ஒர்க் ஷாப் வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டேன். ஒரு நிமிஷம் சார் என்று யாரிடமோ விசாரித்துவிட்டு வந்தான்.

"புதுசா ஒண்ணு வந்திருக்கு சார். வேலூர்ல."